பேய்க்கு ப்ளாஷ்பேக் உண்டு, அந்தப் பெண்ணுக்கு?

தமிழில் பேய்ப்படங்களும் மர்மத் தொடர்களும் எழுதுகிற, இயக்குகிற நண்பர்களுக்கு,

வணக்கம்.

பேய்ப்படங்களைத் தடை செய்யச் சொல்லும் கடிதம் என்று நினைத்துக் கடாசிவிடாதீர்கள். நான் உங்கள் பழைய வாடிக்கையாளன். இரண்டாம் ஆட்டத்துக்குப் போய், கதவு கிறீச்சிடும்போது பக்கத்து இருக்கைக்காரர் யாராயிருந்தாலும் அவர் கையைப் பிடித்துக்கொள்கிற ரகம். பேய் இருக்கிறதா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறை இல்லை. படம் ஓடும் இரண்டரை மணி நேரத்துக்கு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வேன். அதற்குத்தானே டிக்கெட் வாங்குவது.

எனக்கு உங்களிடம் பேச வேண்டியிருப்பது பேய் பிடித்த பெண்ணைப் பற்றி.

உங்கள் கதையின் போக்கு எங்களுக்கு மனப்பாடம். ஊருக்கு ஒதுக்குப்புறமாக ஒரு பங்களா, பாதி விலைக்குக் கிடைக்கிறது. குடிவரும் குடும்பத்தில் ஒரு பெண். மருமகளாகவோ தங்கையாகவோ நாயகனின் காதலியாகவோ இருப்பாள். ராத்திரியில் கொல்லைப்புறம் போகிறாள், மறுநாள் பச்சைக்கறி தின்கிறாள், இடைவேளைக்குச் சற்று முன் கட்டைக்குரலில் பேசுகிறாள். இடைவேளை முடிந்து பாப்கார்னோடு வந்து உட்கார்ந்தால் பேயின் ப்ளாஷ்பேக். அது யார், எந்த ஊர், யாரைக் காதலித்தது, அதன் நிலத்தை யார் அபகரித்தார்கள், எந்தக் கிணற்றில் தள்ளினார்கள், எல்லாம் விலாவாரியாக வரும். டூயட்கூட உண்டு.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. அநியாயமாகச் செத்தவர்களுக்கு நியாயம் கேட்கும் வேலையைப் பல சமயம் நம் பேய்ப்படங்கள்தான் செய்திருக்கின்றன. 2011இல் வந்த காஞ்சனாவில் அந்த ப்ளாஷ்பேக் ஒரு திருநங்கைக்குக் கிடைத்தது. பெரும்பாலும் கேலிக்கு மட்டுமே திருநங்கைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்த வணிக சினிமாவில் அது சாதாரணக் காரியமில்லை. அந்தப் படத்தில் இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பேய் ஏறுவது நாயகன் உடம்பில். அதன் கதையைக் கேட்டபிறகு, பழிவாங்கட்டும் என்று அவனே தன் உடம்பைக் கொடுக்கிறான். அவனுக்கு விருப்பம் என்று ஒன்று இருக்கிறது. ஆணுக்குப் பேய் ஏறினால் சண்டைக்காட்சி. பெண்ணுக்கு ஏறினால் சங்கிலி. அவள் விருப்பத்தை யாரும் கேட்பதில்லை. அவளுக்கு என்ன கதை இருந்தது என்று படம் முடிந்து வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தால், பெயர்கூடச் சில நேரம் ஞாபகம் வருவதில்லை.

பேய் ஓட்டும் காட்சிக்கு வருவோம். தூணிலோ கட்டிலிலோ அவளைக் கட்டிப்போடுகிறீர்கள். வேப்பிலை அடி, சாட்டை, சூடம், மிளகாய்ப் புகை. அவள் அலறுவது பேயின் அலறல் என்று நாங்கள் புரிந்துகொள்ள வேண்டும். மந்திரவாதி கடைசியாக ஒரு கத்துக் கத்துகிறார், மேலே இருந்த கண்ணாடி உடைகிறது, அவள் மயங்கி விழுகிறாள். கண் விழித்து, "எனக்கு என்னாச்சு?" என்கிறாள். உடம்பில் ஒரு காயம் இருக்காது. அடுத்து குடும்பம் சிரிக்கும் காட்சி, கடைசியில் பேய் திரும்ப வருவதற்கான ஒரு லீடு.

இப்போது ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 2013 ஆகஸ்ட் 20ஆம் தேதி, புனேயில் காலை நடைக்குப் போன நரேந்திர தாபோல்கர் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவர். பேய், பில்லி சூனியம் என்ற பெயரில் மனிதர்களைத் துன்புறுத்துவதற்கு எதிராகச் சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் அலைந்தவர். அவர் செத்தபிறகுதான் மகாராஷ்டிர அரசு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் அவசரச் சட்டம், டிசம்பரில் முழுச் சட்டம். எவையெல்லாம் குற்றம் என்று அதன் கடைசியில் ஓர் அட்டவணை உண்டு. முதல் உருப்படி, பேய் ஓட்டுகிறேன் என்று ஒருவரைக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டுவது, தடியாலோ சாட்டையாலோ அடிப்பது, செருப்பு ஊறிய தண்ணீரைக் குடிக்க வைப்பது, மிளகாய்ப் புகை போடுவது, கூரையில் தொங்கவிடுவது, தலைமயிரைப் பிடுங்குவது, சூடான பொருளை உடம்பில் வைப்பது. இந்தப் பட்டியலைத் தயாரித்தவர்கள் உங்கள் படங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்தார்களோ என்று தோன்றும். அப்படி இல்லை. நிஜ மனிதர்களுக்கு நடந்ததை வைத்துத்தான் எழுதினார்கள்.

நம் படங்களில் நாயகன் சிகரெட்டைப் பற்றவைத்தால் திரையின் ஓரத்தில் எச்சரிக்கை வரிகள் வந்துவிடுகின்றன. ஒரு மாட்டை ஓடவிட்டால், எந்த விலங்கும் துன்புறுத்தப்படவில்லை என்று சான்று காட்ட வேண்டும். பெண்ணைச் சங்கிலியில் கட்டிச் சாட்டையால் அடித்தால் மட்டும் பின்னணி இசை உச்சத்துக்குப் போகிறது. தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தனி விதியே இருக்கிறது. மூடநம்பிக்கையையும் குருட்டு நம்பிக்கையையும் ஊக்குவிக்கும் நிகழ்ச்சி கூடாது என்கிறது 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஆறாவது விதி. எல்லாம் கற்பனையே என்று அடியில் ஒரு வரியை ஓடவிட்டு அதைக் கடந்துவிடுகிறீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு, வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வாரம் ஐந்து நாள். (தொடர்களில் அந்தச் சாட்டை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஆறு பேர் முகத்துக்கு மூன்று மூன்று முறை ஜூம் போகும் என்பதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

அந்த அடி வரியை இன்னும் பெரிதாகப் போடுங்கள் என்று கேட்க வரவில்லை. எச்சரிக்கை வரியை யாரும் படிப்பதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். சங்கிலி எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ஒரு தடவை பாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. அங்குள்ள தர்காவைச் சுற்றி அப்படிப் பல காப்பகங்கள் அன்று இருந்தன. தர்காவின் தீர்த்தத்திலும் அங்கே எரியும் விளக்கின் எண்ணெயிலும் குணமாகும் என்று நம்பி, எல்லா மதத்தைச் சேர்ந்தவர்களும் வீட்டில் வைத்துப் பார்க்க முடியாதவர்களை அங்கே கொண்டுவந்து விட்டார்கள். தீப்பிடித்த ஓலைக்கொட்டகையில் இருந்தவர்களின் கால்களில் சங்கிலி. ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. 95ஆவது பிரிவு.

சினிமாவால்தான் ஏர்வாடி நடந்தது என்று சொன்னால் அது பொய். அந்தச் சங்கிலி சினிமாவைவிட வயதில் மூத்தது. தர்காவுக்கு வந்தவர்கள் கெட்டவர்களும் இல்லை, வேறு வழி தெரியாதவர்கள், பக்கத்தில் மனநல மருத்துவர் இல்லாதவர்கள். ஆனால் சங்கிலியில் கட்டி அடித்தால் மறுநாள் காலை பெண் சிரித்துக்கொண்டு காபி போடுவாள் என்று கிளைமாக்ஸில் காட்டுவது நீங்கள். வேறு யாரும் அவ்வளவு நம்பிக்கையாக அதைச் சொல்லவில்லை. கோடாங்கிகூடச் சொல்லமாட்டார். மூன்று அமாவாசை பார்க்கலாம் என்பார்.

நம் ஊருக்கு மட்டுமான நோய் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியில் அனலீஸ் மிஷேல் என்ற கல்லூரி மாணவி. வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். தன்னைப் பிசாசுகள் பிடித்திருப்பதாக அவரே நம்பினார், பெற்றோரும் நம்பினார்கள். ஆயரின் அனுமதியோடு இரண்டு பாதிரியார்கள் 67 தடவை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். 1976 ஜூலை 1ஆம் தேதி, 23 வயதில், எலும்பும் தோலுமாகப் பட்டினியில் செத்தார். 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரு பாதிரியார்களையும் குற்றவாளிகள் என்றது. 1973 கடைசியில் வெளியான ஓர் அமெரிக்கப் பேயோட்டும் படத்தைப் பார்த்து உலகமே நடுங்கியது. அந்தப் படத்துக்கும் இந்தச் சாவுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. சொல்ல வந்தது வேறு. தி எக்ஸார்சிஸ்ட் என்ற அந்தப் படத்தில் பெண்ணின் தலை சுற்றியதையும் கட்டில் மேலெழும்பியதையும் நம் ஆட்கள் அலுக்காமல் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண்ணின் தாய் முதலில் போவது மருத்துவர்களிடம், பரிசோதனை மேல் பரிசோதனை நடக்கிறது, பேயோட்ட வரும் இரண்டு பாதிரியார்களில் ஒருவரே மனநல மருத்துவர். இதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. நம் படத்து டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்து, "மெடிக்கலா எல்லாம் நார்மல்" என்று சொல்லிவிட்டு, மந்திரவாதியின் முகவரியையும் அவரே கொடுத்துவிட்டுப் போகிறார்.

மருத்துவரை நாயகனாக்கினால் படம் ஓடாது என்பீர்கள். 2005இல் சந்திரமுகி எவ்வளவு ஓடியது என்று விநியோகஸ்தர்களைக் கேட்டுப் பாருங்கள். 1993இல் மலையாளத்தில் வந்த மணிச்சித்திரத்தாழின் கதை அது. இரண்டிலும் நாயகன் மனநல மருத்துவர். மந்திரச் சடங்கும் கடைசியில் வருகிறது, ஆனால் அது மருத்துவர் போடும் நாடகம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, பேய் பிடித்தவள்போல மாறும் கங்கா சின்ன வயதில் எப்படி வளர்ந்தாள், ஏன் அந்த அறைக்கு இழுக்கப்பட்டாள் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசிக்கிறார். மருத்துவம் அப்படியெல்லாம் நடக்காது என்று மருத்துவர்கள் சிரிக்கலாம், சிரிக்கட்டும். பேய்க்கும் கதை இருந்தது, பெண்ணுக்கும் கதை இருந்தது. அதுதான் ஓடியது.

நிஜத்தில் யாருக்குப் பேய் பிடிக்கிறது? மானுடவியலாளர் இசபெல் நபொகோவ் 1990களில் தென்னார்க்காட்டுப் பகுதியில் இதைக் களஆய்வு செய்து எழுதியிருக்கிறார். பேய் பிடித்ததாகக் கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் கல்யாணமாகிக் கொஞ்ச நாளே ஆன பெண்கள். பிடித்த பேய்களோ பெரும்பாலும் காதல் தோல்வியில் தற்கொலை செய்துகொண்ட இளைஞர்கள். பெண் புருஷனை ஒதுக்குகிறாள், பேசமாட்டேன் என்கிறாள், பிறந்த வீட்டுக்கு ஓடுகிறாள். பம்பைக்காரர்கள் வந்து அடித்துப் பாடி, பேயைப் பேச வைத்து, அவள் உச்சிமுடியில் ஒரு கொத்தை எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடிக்கிறார்கள். காதலனை விரட்டி மனைவியை மீட்கும் சடங்கு இது என்று அவர் ஒரு கட்டுரைக்குத் தலைப்பே வைத்தார். எனக்கு இதைப் படித்தபோது சடங்கைவிட அந்தப் பெண்தான் மனதில் நின்றாள். பத்தொன்பது இருபது வயதில், தெரியாத வீட்டில், தெரியாத ஆளோடு. வேண்டாம் என்று அவள் வாயால் சொல்ல முடியாது. பேய் சொன்னால் ஊரே கூடி நின்று கேட்கிறது.

கிராமத்துச் சடங்கை உயர்த்திப் பிடிக்க வரவில்லை. அங்கும் அடி உண்டு, அங்கும் கடைசியில் அவளைப் புருஷன் வீட்டுக்கே அனுப்பிவைப்பார்கள். ஆனால் கோடாங்கி முதலில் கேட்பது கேள்வி. யார் நீ, எந்த ஊரு, எங்கே வச்சுப் புடிச்ச, என்ன வேணும்? ராத்திரி முழுக்கப் பேச்சுவார்த்தை நடக்கும். கோழி கேட்கும், சாராயம் கேட்கும், பேரம் படியாது, உடுக்கு மறுபடி அடிக்கும். அப்புறம் நடுவில் மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்கும். அந்த நாலு கேள்விக்காகவே சில பேய்கள் வருகின்றனவோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அந்தக் காட்சியை ஒரே ஒரு முறை ஒழுங்காக எடுத்துப் பாருங்கள். சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும். ஒரு கிராபிக்ஸ் செலவும் கிடையாது.

நம் பழைய ஆட்கள் பேயை எழுதின விதமே வேறு. கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் கூழ் அடுகின்றன. காய்ச்சி இறக்கி வரிசையாகப் பரிமாறும்போது குருட்டுப் பேய் உண்டு, ஊமைப் பேய் உண்டு, கருவுற்ற பேய் உண்டு, பார்ப்பனப் பேய், சமணப் பேய், பௌத்தப் பேய் எல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்கும். அவ்வளவு கோரத்துக்கு நடுவில் செயங்கொண்டாருக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் கொடுக்க முடிந்திருக்கிறது. காரைக்கால் அம்மையார் தன்னையே பேய் என்று பாடிக்கொண்டவர். அவர் ஏன் பேயுரு வேண்டினார் என்பதைச் சேக்கிழார் முதலிலிருந்து சொல்கிறார். புனிதவதி என்ற வீட்டுப் பெண், மாங்கனி, பயந்துபோய்ச் சொல்லாமல் கப்பலேறிய புருஷன், அவன் வேறு ஊரில் கட்டிய இன்னொரு குடும்பம், ஊரார் முன்னால் அவள் காலில் விழுந்த அவமானம். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அவள் உதறும்போது நமக்குப் பயம் வருவதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டுக்காரருக்கு அவள் கதையைச் சொல்லாமல் அவளைப் பேயாக்க மனம் வரவில்லை.

இன்னொரு மனத்தாங்கலும் இருக்கிறது, அதையும் கொட்டிவிடுகிறேன். எங்கள் குலதெய்வம் சுடலைமாடன். திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடைவிழா பார்த்தவர்களுக்குத் தெரியும். மகுடம் என்ற தோல்கருவி முழங்கக் கணியான் கூத்து நடக்கும், நடுராத்திரியில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போவார், பிள்ளைகள் பாதி பயத்தோடு பாயில் உட்கார்ந்து அவர் திரும்பி வரும்வரை தூங்காமல் இருக்கும். அந்தப் பந்தம், அந்தச் சுடுகாடு, சாம்பல் பூசிய கறுத்த உடம்பு, உடுக்கு எல்லாவற்றையும் உங்கள் படங்களில் பார்க்கிறேன். எப்போதும் தீய சக்தியின் பக்கம். வில்லன் மந்திரவாதி அங்கே உட்கார்ந்து மண்டையோட்டில் சாராயம் ஊற்றுகிறார். காப்பாற்ற வருகிறவர் சிவந்த மேனி, வெண்மையான ஒளி, சமஸ்கிருத சுலோகம். ராபர்ட் கால்டுவெல் 1849இல் வெளியிட்ட ஒரு நூலில் எங்கள் சாமிகளைப் பிசாசுகள் என்றும் எங்கள் கும்பிடலைப் பிசாசு வழிபாடு என்றும் எழுதினார். அவர் மிஷனரி, இடையன்குடியில் சபை கட்ட வந்தவர், அவருக்கு அப்படி எழுத வேண்டிய தேவை இருந்தது. உங்களுக்கு என்ன வந்தது? உங்கள் யூனிட்டிலேயே பாதிப் பேருக்கு முனியோ கருப்போ சுடலையோதான் குலதெய்வமாக இருக்கும். பூசை போட்டுத்தான் படப்பிடிப்பையும் தொடங்குவார்கள்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அடுத்த படத்தில் பேய் ஏறப்போகும் பெண்ணுக்கு, பேய் ஏறுவதற்கு முன்னால் ஒரு பத்து நிமிடம் கொடுங்கள். அவள் என்ன வேலை பார்க்கிறாள், யாரிடம் எதைச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறாள், அந்த பங்களாவில் எந்த அறை அவளுக்குப் பிடிக்கவில்லை, ஏன் என்று காட்டுங்கள். பேய் அவள் வாயால் பேசும்போது அதில் எது பேயின் வசனம், எது அவளுடையது என்று நாங்கள் குழம்ப வேண்டும். நல்ல நடிகைகள் நம்மிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், கண்ணை உருட்டுவதைத் தவிர வேறு ஒன்றையும் அவர்களுக்கு எழுதித் தருவதில்லை நீங்கள். பயம் குறைந்துவிடும் என்று தயாரிப்பாளர் சொன்னால், ஒரு வாடையில் தொடங்கி வாசகனின் முதுகைச் சில்லிட வைத்த புதுமைப்பித்தனின் காஞ்சனை சிறுகதையை எடுத்து அவர் மேசையில் வையுங்கள். அதில் சாட்டை கிடையாது.

ஓட்டும் காட்சி வேண்டுமா, தாராளமாக வையுங்கள். உடுக்கு அடிக்கட்டும், சூடம் எரியட்டும், கோடாங்கி கேள்வி மேல் கேள்வி கேட்கட்டும். கட்டுவதையும் அடிப்பதையும் விட்டுவிடுங்கள். விட முடியாது, கதைக்கு வேண்டும் என்றால் அடித்த காயத்தை அடுத்த காட்சியில் அவள் உடம்பில் காட்டுங்கள். அந்தக் கண்டினியூட்டி ஒன்றை மட்டும் இத்தனை வருடமாக உங்கள் உதவி இயக்குநர்கள் கோட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதில் எதுவுமே இந்தப் படத்தில் முடியாது, திரைக்கதை பூட்டியாகிவிட்டது, அடுத்த வாரம் ஷூட்டிங் என்கிறீர்களா? கதையைத் தொடாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மத்திய அரசு 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்று ஒரு மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. 14416. கட்டணமில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம். உங்கள் டாக்டர் "எல்லாம் நார்மல்" என்று சொல்லும் அந்த அறையின் சுவரில், அவர் தலைக்குப் பின்னால், அந்த எண்ணை ஒரு போஸ்டராக ஒட்டச் சொல்லுங்கள். ஆர்ட் டைரக்டரிடம் சொன்னால் அரை மணி நேர வேலை.

அன்புடன்,
உங்கள் ரசிகன்